நாளிதழ் எழுதாத பெண்களை விக்கிப்பீடியா எப்படி எழுதும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் நாளையொட்டிச் சில கல்லூரிகளில் மாணவ மாணவியருக்கு ஒரு பணி தரப்படுகிறது. தொழில்நுட்பத் துறையில் பெயர்பெற்ற பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் உண்டு. இம்முயற்சியைப் பாராட்டுவோரும் உண்டு, வெறும் சடங்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. அத்தகைய கட்டுரைகளை மாணவரிடம் வாங்கித் திருத்துகிற கணினி அறிவியல் ஆசிரியை என்ற முறையில், இரு தரப்பாரும் பேசாத ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகவே சொல்ல விரும்புகிறேன். அந்தக் கட்டுரைகள் நிலைப்பதும் நீக்கப்படுவதும் மாணவரின் உழைப்பை மட்டும் பொறுத்தவை அல்ல. நாளிதழ்கள் எதை அச்சிட்டன, எதை விட்டுவிட்டன என்பதையே அவை பெரிதும் பொறுத்திருக்கின்றன.

விக்கிப்பீடியா புதிய செய்தியை முதன்முதலாக வெளியிடும் இடமன்று. நம்பத்தகுந்த வேறோர் இடத்தில், சம்பந்தப்பட்டவரோடு தொடர்பில்லாத ஒருவர், ஓரளவு விரிவாக எழுதியவற்றைத் தொகுத்துத் தருவதே அதன் வேலை. ஒருவருக்குத் தனிக்கட்டுரை இருக்கலாமா கூடாதா என்பதை அங்கே ‘குறிப்பிடத்தக்கமை’ என்ற விதியைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். அவர் பணிபுரியும் நிறுவனத்தின் இணையதளம், அவரே எழுதிக்கொடுத்த தன்விவரக் குறிப்பு, கல்லூரி ஆண்டு மலர், முகநூல் பதிவு ஆகியவை இவ்விதிக்குப் போதா. ஒரு மாணவி தன் ஊரைச் சேர்ந்த மின்பொறியாளர் ஒருவரை நேரில் கண்டு, நாள் முழுவதும் பேசி, அருமையாக எழுதினாலும் அது நல்ல நேர்காணல் ஆகுமே தவிரக் கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகாது. ‘மணல்தொட்டி’ எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகி, பிறகு துணிந்து பொதுவெளிக்கு நகர்த்திய கட்டுரையின் தலையில் நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கலாம் என்ற அறிவிப்பு) வந்து அமர்ந்ததும், பெண் என்பதால்தான் நீக்குகிறார்களா என்று மாணவியர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்; ஆனால் அதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்டிரிக்லாண்டின் கதையை நான் வகுப்பில் சொல்வதுண்டு. மிகக் குறுகிய, மிகுந்த ஆற்றல் கொண்ட லேசர் துடிப்புகளை உண்டாக்கும் முறையை 1985-இல் ழெரார் மூரூவுடன் சேர்ந்து வெளியிட்டவர் அவர். 2018 அக்டோபர் 2 அன்று இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மேரி கியூரிக்கும் மரியா கோப்பர்ட் மேயருக்கும் பிறகு அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் ஸ்டிரிக்லாண்ட். அறிவிப்பு வந்த நேரத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் மூரூவுக்குக் கட்டுரை இருந்தது, ஸ்டிரிக்லாண்டுக்கு இல்லை. அதே ஆண்டில் அவரைப் பற்றி ஒருவர் எழுதி அளித்த வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று திருப்பியனுப்பப்பட்டிருந்தது. இது பெரும் சர்ச்சையானபோது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அன்றைய செயல் இயக்குநர் கேத்தரின் மேகர், உலகத்தில் உள்ள பாரபட்சத்தைத்தான் விக்கிப்பீடியா காட்டுகிறது என்றும், இதழாளர்களும் பதிப்பாளர்களும் பெண்களைப் பற்றி எழுதினால்தான் விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதும் தொண்டர்கள் அதை எடுத்தாள முடியும் என்றும் வாதிட்டார். இதில் பாதி உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஸ்டிரிக்லாண்ட் 2013-இல் அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். கல்வியாளர்களுக்கென விக்கிப்பீடியா வைத்திருக்கும் தனி விதியின்படி அது ஒன்றே அவருக்குத் தகுதியாகியிருக்கும். வரைவைத் திருப்பியவர் அதைக் கவனிக்கவில்லை. ஆக, தொண்டர்களின் பங்கும் இதில் உண்டு. ஆயினும் பரிசுக்கு முன் அவரைப் பற்றி நாளிதழ்கள் விரிவாக எழுதியிருந்தால், கவனக்குறைவான ஒரு சரிபார்ப்பாளர்கூட அந்த வரைவைத் திருப்பியிருக்க மாட்டார் என்பதை மறுக்க முடியாது.

இவ்விடைவெளியைக் குறைக்க முயல்வோர் இல்லாமல் இல்லை. 2015-இல் தொடங்கிய ‘சிவப்பில் பெண்கள்’ என்ற திட்டத்தினர், கட்டுரை இல்லாததால் விக்கிப்பீடியாவில் சிவப்பு நிற இணைப்புகளாகக் கிடக்கும் பெண்களின் பெயர்களுக்குக் கட்டுரை எழுதி, அவற்றை ஒவ்வொன்றாக நீலமாக்கி வருகிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் சுமார் 15 சதவீதமாக இருந்த பெண்களின் பங்கு 20 சதவீதத்தை ஒட்டி உயர்ந்ததற்கு இவர்களின் உழைப்பும் ஒரு காரணம். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் இயற்பியலாளர் ஜெஸ் வேட் தனியொருவராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவர் எழுதியவற்றுள், 117-ஆம் தனிமத்தைக் கண்டறிந்த குழுவில் பணியாற்றிய கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் பற்றிய கட்டுரை 2019-இல் நீக்கப்பட்டது. செய்தித்தாள்களும் அறிவியல் இதழ்களும் அவரைப் பற்றி எழுதிய பிறகு, 2020-இல் மீண்டும் இடம்பெற்றது.

நாளிதழ்களின் பங்கு கட்டுரையோடு முடிவதில்லை. ஒரு படத்தின் அடியில் இடும் பெயர்க் குறிப்புக்கும் எவ்வளவு ஆயுள் உண்டு என்பதை தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்கின் வரலாறு காட்டுகிறது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், சுமார் 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அந்தப் பொறி நாளிதழ்களுக்குக் காட்டப்பட்டது. பீரங்கிக் குண்டின் பாதையை அது நொடிகளில் கணித்துக் காட்டிய செய்முறைக்கு நிரல் அமைத்தவர்கள் பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரு பெண்கள். இவர்களோடு கே மெக்நல்டி, மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன் ஆகியோரையும் சேர்த்து அறுவர் அப்பொறியின் முதல் நிரலாளர்கள். பொறியின் முன் பெண்கள் நிற்கும் படங்கள் வெளிவந்தன, பெயர்கள் வரவில்லை. அறிமுக விழாவையொட்டி நடந்த கொண்டாட்ட விருந்துக்கும் அவர்கள் அழைக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1980-களில், கேத்தி கிளைமன் என்ற கல்லூரி மாணவி அந்தப் படங்களைப் பார்த்து இவர்கள் யார் என்று விசாரித்தபோது, குளிர்பதனப் பெட்டி விளம்பரத்தில் பெட்டியருகே நிறுத்தப்படும் பெண்களைப் போல இவர்களும் விளம்பர அழகியர் என்றே அவருக்கு விடை கிடைத்தது. நம்பாத அந்த மாணவி தேடிப் போய், அப்பெண்களுள் உயிரோடிருந்தவர்களைக் கண்டு பதிவு செய்ததால்தான் இன்று எங்கள் மாணவியர் அவர்களின் பெயர்களை எழுத முடிகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, பட்டுப் புடவையும் தலையில் பூவுமாகப் பெண்கள் சிரித்து மகிழும் ஒரு படம் உலகெங்கும் பரவியது. அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பின்னர் விளக்க வேண்டியிருந்தது. அந்தத் திட்டத்தில் பணிபுரிந்த பெண் அறிவியலாளர்கள் பலர் உண்டு என்றும் அது சொன்னது. படத்தில் இருந்தவர்களின் பெயரையும் நாம் கேட்கவில்லை, படத்தில் இல்லாத பொறியாளர்களின் பெயரையும் கேட்கவில்லை. அந்தப் படத்தைப் பகிர்ந்து பெருமைப்பட்டதோடு நம் கடமை முடிந்தது.

இறப்புச் செய்தியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவோன் பிரில், செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தும் ஹைட்ரசீன் உந்துபொறியை உருவாக்கியவர். 2011-இல் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அதிபர் ஒபாமாவின் கையால் பெற்றவர். 2013 மார்ச்சில் அவர் இறந்தபோது, நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் கட்டுரை அவரது மாட்டிறைச்சிச் சமையலின் சுவையைப் பாராட்டித் தொடங்கி, கணவருக்காக ஊர் ஊராக மாறியதையும் பிள்ளை வளர்த்ததையும் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில்தான் அவர் ராக்கெட் அறிவியலாளர் என்பதற்கு வந்தது. வாசகர்களின் கண்டனத்துக்குப் பின் இணையப் பதிப்பின் முதல் வரி மாற்றப்பட்டது. அதே நாளிதழ் 2018 மார்ச்சில், 1851 முதல் தான் இரங்கல் கட்டுரை வெளியிடாமல் விட்ட பெண்களைப் பற்றி எழுதுவதற்கென்றே ஒரு தனிப் பகுதியைத் தொடங்கியது. முதல் தொகுப்பிலேயே, முதல் கணினி நிரலாளர் எனப் போற்றப்படும், 1852-இல் இறந்த ஏடா லவ்லேசுக்கு இரங்கல் கட்டுரை வெளிவந்தது. தமிழில் எந்த நாளிதழாவது இப்படி ஒரு பகுதியைத் தொடங்கினால், எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கட்டுரைப் பொருள் கிடைத்துவிடும்.

எங்கள் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியலும் தகவல் தொடர்பியலும் படித்து, 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று விண்கலம் ஏவப்பட்ட மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் அவர் இருந்தார். மாணவியர் திரட்டிவந்த செய்திகளைப் பார்த்தேன். விவசாயியின் மகள் என்பதும், எந்தப் பள்ளியில் படித்தார் என்பதும், ஊரில் உறவினர் இனிப்பு வழங்கியதும் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஏழு ஆய்வுக் கருவிகளைப் பல நிறுவனங்களிலிருந்து பெற்று ஒரே விண்கலத்தில் பொருத்திப் புவியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பும் திட்டத்தில் ஒரு திட்ட இயக்குநர் அன்றாடம் எதை முடிவு செய்கிறார், எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதைக் கூறும் பத்தி அவற்றில் ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் ரிசோர்ஸ்சாட்-2ஏ என்ற புவி நோக்குச் செயற்கைக்கோள் திட்டத்தில் இணைத் திட்ட இயக்குநராக இருந்தார் என்பது சிலவற்றில் ஒரு தொடராக வந்திருந்தது. 2024 ஜனவரி 6 அன்று விண்கலம் தன் இலக்கை அடைந்தபோது அவரைப் பற்றிய செய்தி மேலும் சுருங்கியிருந்தது. இவற்றை வைத்துக்கொண்டு மாணவி எழுதும் கட்டுரையில் குடும்பத்துக்கு மூன்று பத்தியும் பணிக்கு ஒரு வரியும் அமைவது இயல்பே. எளிய குடும்பத்திலிருந்து வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை; நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு அது உரம் தருகிற செய்தி. ஆனால் அதே நாளில் வெளிவரும் ஆண் அறிவியலாளரின் செய்தியில் பணி முதலிலும் குடும்பம் கடைசியிலும் வருவதைக் காண்கிறோம் அல்லவா?

இதற்கு மாறாக, சான்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிண்டி பொறியியல் கல்லூரியின் அ. லலிதா எடுத்துக்காட்டு. 1919-இல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில், நான்கு மாதப் பெண்குழந்தையோடு கணவரை இழந்தார். அக்கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை சுப்பாராவ், பெண்களைச் சேர்த்தறியாத கல்லூரியில் மகளைச் சேர்க்க முதல்வர் கே.சி. சாக்கோவின் இசைவைப் பெற்றார். அடுத்து பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் ஆகிய இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். 1943-இல் பட்டம் பெற்ற லலிதா, பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டடு எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்கடத்தித் தடங்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவருடைய பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்குச் சென்றார். 1979-இல் காலமானார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதாவின் குடும்பத்தார் காகிதங்களையும் படங்களையும் பாதுகாத்து வைத்திருந்ததாலும், அவற்றைப் பார்த்து அண்மை ஆண்டுகளில் இதழாளர்களும் ஆய்வாளர்களும் எழுதியதாலும் இவ்வளவும் இன்று மேற்கோளோடு எழுதக் கூடியதாக இருக்கிறது. அவர் பணியில் இருந்தபோதே ஒரு நிருபர் கல்கத்தாவுக்குப் போய், அந்த வடிவமைப்புப் பிரிவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தால், இளம் விதவை என்ற அடைமொழிக்கு அப்பால் அவரைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருந்திருக்கும்.

மாணவர் பக்கத்துக் குறைகளை மறைப்பதற்காக இதை எழுதவில்லை. மதிப்பெண்ணுக்காக எழுதவைப்பதில் உள்ள ஆபத்தை இந்தியா முன்பே பார்த்திருக்கிறது. 2011-இல் புனே நகரத்துக் கல்லூரி மாணவர் பல நூறு பேரை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைத்த திட்டம், புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டிய பத்திகளால் நிறைந்து, பதிப்புரிமை மீறல்களைத் துப்புரவு செய்வதிலேயே உலகெங்கும் உள்ள தொண்டர்கள் களைத்துப்போன நிலையில், அந்த ஆண்டிறுதிக்குள் நிறுத்தப்பட்டது. இன்று ஒட்டுவதற்குப் பதிலாக இயந்திர மொழிபெயர்ப்பும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்திருக்கின்றன. இல்லவே இல்லாத புத்தகத்துக்கும் அவை பக்க எண் கொடுக்கின்றன. ஆகவே கட்டுரை எத்தனை பைட்டு என்று பார்த்து மதிப்பெண் இடும் வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் கைவிட வேண்டும். ஒரு பருவத்துக்கு ஒரு கட்டுரை போதும். அதிலுள்ள ஒவ்வொரு மேற்கோளையும் மாணவர் எங்கள் முன் திறந்து காட்ட வேண்டும். புதுக்கட்டுரைதான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் தேவையில்லை. எனியாக் பற்றிய கட்டுரையில் அந்த அறுவரின் பெயரைச் சான்றோடு சேர்ப்பதும், கிண்டிக் கல்லூரிக் கட்டுரையில் லலிதாவுக்கும் திரேசியாவுக்கும் ஒரு பத்தி எழுதுவதும் தொழில்நுட்பத்தில் பெண்களைப் பற்றி எழுதுவதுதான். அவற்றை யாரும் நீக்க வருவதில்லை.

பலரும் அறியாத ஒரு விதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று விக்கிப்பீடியா கேட்பதில்லை. நாளிதழின் பெயர், பதிப்பு, நாள், பக்க எண் ஆகியவை சரியாக இருந்தால் அச்சு இதழே போதும். எனவே மாவட்ட மைய நூலகத்தின் பழைய இதழ்க் கட்டுகளையும், சென்னையில் கன்னிமாரா நூலகத்தையும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் மாணவர் பயன்படுத்தலாம். 1950-களிலும் 60-களிலும் மின்வாரியத்திலும் தொலைபேசித் துறையிலும் வானொலியிலும் பொறியாளராகச் சேர்ந்த பெண்களைப் பற்றி அன்றைய இதழ்கள் எழுதிய சிறு செய்திகளை அங்கே தேடலாம். இதற்குத் தேவை பொறுமையும், நூலகத்துக்குப் போய்வரக் கல்லூரி தரும் அனுமதியும்தான். வேலை நாளில் ஒரு பிற்பகலைக்கூடத் தராத கல்லூரி, மாணவியிடம் சான்று கேட்பது நியாயமன்று.

இனித் தங்களிடம் கேட்க வேண்டியவை. தமிழ் நாளிதழ்களின் இணையப் பக்கங்களில் சில ஆண்டுகளுக்கு முந்தைய செய்திகளின் முகவரிகள் பல வேலை செய்வதில்லை. தளத்தின் வடிவமைப்பு மாறும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோகின்றன, அவற்றை மேற்கோளாகக் காட்டிய கட்டுரைகள் அன்றே சான்றிழந்து நிற்கின்றன. இணையப் பக்கங்களின் படிகளைக் காக்கும் இணைய ஆவணகத்தில் முன்கூட்டியே சேமித்து வைக்கும்படி மாணவரிடம் சொல்கிறேன் என்றாலும், பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு வழிமாற்றித் தருவது தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு இயலாத வேலை அன்று. வெளியான நாளும் எழுதியவர் பெயரும் செய்தியிலேயே இருக்கட்டும். பெண் பொறியாளர் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருடைய முழுப்பெயர், பதவியின் பெயர், எந்த ஆண்டு முதல் அப்பதவியில் இருக்கிறார், அவர் முடித்த பணி என்ன என்ற நான்கையும் நிருபர் கேட்டு எழுதட்டும். ஒரே ஆளின் பெயர் ஒரு பதிப்பில் ஒரு முதலெழுத்தோடும் மறுபதிப்பில் வேறு முதலெழுத்தோடும் வருவதால், இருவர் ஒருவராகவும் ஒருவர் இருவராகவும் கட்டுரைகளில் மாறிவிடுகிறார்கள். குழுப்படங்களில் இடமிருந்து வலமாகப் பெயர் இடுவதற்கு அரை அங்குல இடம் போதும்.

படத்தைப் பற்றி மேலும் ஒரு வேண்டுகோள். யாரும் எடுத்தாள இசைவு தரும் கட்டற்ற உரிமத்தில் வெளியான படங்களைத்தான் விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடியும் என்பதால், தமிழ்க் கட்டுரைகளில் பல பெண்களின் பக்கங்கள் படமின்றியே இருக்கின்றன. தங்கள் புகைப்படக் கலைஞர்கள் எடுத்து, அச்சில் வந்து பழையதாகிவிட்ட படங்களுள் ஆண்டுக்குச் சிலவற்றையேனும் கலைஞரின் பெயரோடு அத்தகைய உரிமத்தில் விடுவிப்பதைத் தாங்கள் பரிசீலிக்கலாம். தங்கள் திருநெல்வேலி அலுவலகத்தில் உள்ள பழைய இதழ்த் தொகுப்புகளை வாரத்தில் ஒரு நாள் கல்லூரி அடையாள அட்டையுடன் வரும் மாணவ மாணவியர் பார்வையிட இசைவு தந்தால், 1980-களுக்கு முந்தைய இதழ்களிலிருந்து தொடங்க எங்கள் துறையினர் ஆயத்தமாக இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் குறிப்புகளின் ஒரு படியைத் தங்கள் நூலகத்துக்கே அட்டவணையாகத் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை,
திருநெல்வேலி